எட்டில் நாலு

"என் கண்ணு முன்னாடியே திற தம்பி. உள்ளே எடுத்துட்டுப் போற வேலையெல்லாம் வேணாம்."

சாமிதுரை நாற்காலியை இழுத்து மேசையோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார். மேசைமேல் அவர் வீட்டுப் பழைய கம்ப்யூட்டர். நெல் சாக்கைச் சுற்றி, பைக்கின் பின்னால் கட்டிக் கொண்டுவந்திருந்தார்.

இளவழகன் திருவாரூர் சாலையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை போட்டு இரண்டு வருஷமாகிறது. சந்தேகப் பிராணிகள் பலரைப் பார்த்திருக்கிறான். கழற்றுகிற ஸ்குருவை எண்ணி வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளும் ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறான்.

"என்ன பிரச்சினைங்கய்யா?"

"ரொம்ப மெதுவா ஓடுது. மருமக வானதி வீட்டுல இருந்தே சென்னைக் கம்பெனி வேலை பார்க்குது. ஒரு ஃபைலைத் திறக்கச் சொல்லிட்டு, உலையில அரிசியைப் போட்டுட்டு வந்தாலும் சுத்திக்கிட்டே நிக்குது."

"எப்பலேர்ந்து?"

"ரெத்தினம் கைக்குப் போயிட்டு வந்ததுலேர்ந்து."

சொல்லிவிட்டு எதிர்வரிசையைப் பார்த்தார். ரெத்தினத்தின் கடை அங்கேதான் இருக்கிறது. இளவழகனுக்கு முன்பிருந்தே இந்தத் தொழிலில் இருப்பவர்.

"ஃபேன் சத்தம் போடுதுன்னு கொடுத்தேன். மாத்தித்தான் கொடுத்தான். ஆனா எட்டு ஜிபி ரேம் இருந்த எடத்துல இப்ப நாலுதான் காட்டுதுன்னு வானதி சொல்லுது. ரெண்டுல ஒண்ணை உருவிட்டான்."

"அவர்கிட்டயே கேட்டிருக்கலாமே?"

"கேட்டேனே. கொண்டாங்க, உங்க எதிர்லயே திறந்து காட்டுறேன்னான். கொடுப்பேனா நான்? இருக்கறதையும் எடுத்துடுவான். வீட்டுல நானே திறந்தா, நீதான் எடுத்தேம்பான். அதான் ஒரு சாட்சி வேணும்னு இங்க வந்தேன்."

இளவழகன் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டான்.

"நீ ஒரு லெட்டர் எழுதிக் கொடு தம்பி. நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்துல இருக்குற நாப்பது கம்ப்யூட்டரையும் ஆறு வருஷமா ரெத்தினம்தான் பார்க்குறான். இந்த வருஷமும் அவனுக்கே கொடுக்கறதான்னு இன்னைக்கு முடிவு பண்றோம். நானும் பள்ளிக்கூடக் கமிட்டியில ஒரு ஆளு. வாயால சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டேங்குறாங்க."

இளவழகனுக்குச் சிரிப்பு போய்விட்டது. அந்தப் பள்ளிக்கூட வேலையில்தான் ரெத்தினத்தின் கடை ஓடுகிறது. அது போனால் அவர் ஷட்டரை இறக்க வேண்டியதுதான். அவர் யாரையும் ஏமாற்றியதாக இதுவரை கேள்விப்பட்டதில்லை. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் சொல்லிக்கொண்டே இருந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? அந்த நாற்பதும் நம் கைக்கு வந்தால் எப்படியிருக்கும் என்றும் ஒரு நினைப்பு வந்தது. அதை அவன் உடனே விரட்டிவிட்டான் என்று சொல்ல முடியாது.

மூடியைக் கழற்றினான்.

"ஐயா, ரெண்டு ரேமும் இருக்கே."

சாமிதுரையின் முகம் தொங்கிப் போனது. மடியில் பிள்ளைப்பூச்சி புகுந்த மாதிரி நெளிந்தார்.

"அப்ப நல்லதை எடுத்துக்கிட்டு உதவாததை வச்சிருப்பான். இரு, நான் பார்க்குறேன்." மூக்குக்கண்ணாடியைத் தேடும்போது அவர் போன் அடித்தது. கமிட்டித் தலைவர் மீரா உசேன். பேசிக்கொண்டே வாசலுக்குப் போனார்.

இளவழகன் இரண்டாவது ரேமை உருவி விளக்கில் காட்டினான். அடிப்பக்கத்துத் தங்க நிறப் பற்கள்மேல் வெள்ளையாக ஏதோ காய்ந்து இறுகிக் கிடந்தது. தூசி இப்படிப் படியாது. யாரோ விரலால் அழுத்தித் தடவியிருக்கிறார்கள். பல் மூடிக் கிடந்தால் ரேம் இருப்பதே கம்ப்யூட்டருக்குத் தெரியாது. இதையா ரெத்தினம் செய்தார்?

"ஐயா, இது திருட்டு இல்ல. அதைவிட மோசம்," என்றான், அவர் திரும்பி வந்ததும். "வேணும்னே ஒரு ரேமை வேலை செய்யவிடாம பண்ணியிருக்காங்க. மத்தது தனியாக் கெடந்து மூச்சு வாங்குது."

"சொன்னேன்ல? திரும்ப நான் அவன்கிட்டயே போகணும், புதுசு வாங்கணும், அதுக்குத்தான். எழுது தம்பி."

இளவழகன் கொஞ்சம் தயங்கினான். பிறகு எழுதினான். 'ரேம் ஒன்று வேண்டுமென்றே கெடுக்கப்பட்டுள்ளது.' கையெழுத்துப் போட்டுக் கடை முத்திரையும் குத்தினான். சாமிதுரை அதைப் போனில் படமெடுத்துக் கமிட்டியின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினார். ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது. அவரே உரக்கப் படித்தார்.

"ரெத்தினம் வேண்டாம். எல்லாருக்கும் சம்மதம்."

எதிர்க்கடையில் ரெத்தினம் ஒரு கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டித் தூசி எடுத்துக்கொண்டிருந்தார். இளவழகன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"சரிங்கய்யா, இதைச் சுத்தம் பண்ணிப் போட்டுடறேன். பழையபடி ஓடும்," என்று ரப்பரை எடுத்தான். பென்சில் எழுத்தை அழிக்கிற சாதாரண ரப்பர்தான். நாலு தேய்ப்பில் பல் பளிச்சென்று ஆகிவிடும்.

சாமிதுரை அப்போதுதான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். ரேமைப் பார்த்தவர் சட்டென்று அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த வெள்ளையை அழிச்சுடாத தம்பி. களத்துல நெல்லைக் குவிச்சா, யாரும் கை வைக்காம இருக்க மேல குறி போட்டு வைப்போம்ல? அந்த மாதிரி, ரெத்தினம் ரேமை மாத்திடக் கூடாதுன்னு, அவன்கிட்ட கொடுக்கறதுக்கு முதல் நாள் நான்தான் இதை உருவி, அடியில சுண்ணாம்பைத் தொட்டு அழுத்தி வச்சேன்."