லேபர் காண்ட்ராக்ட்

ஐந்தரைக்கு எழுந்தேன். கட்டன் சாயா போட்டேன். நின்றபடியே குடித்தேன். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன்.

ஆறு மணிக்குச் சிவதாணு அண்ணாச்சி கூப்பிட்டார். எங்கள் வீட்டைக் கட்டும் கொத்தனார். தினமும் கூப்பிடுவார். மணலை எங்கே இறக்க, கம்பி பத்துமா, இன்று சிமெண்ட் வருமா. கேட்க ஒன்றும் இல்லாவிட்டால், மனையிலுள்ள கிணற்றில் தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது என்று வந்து பார்க்கச் சொல்வார்.

லேபர் காண்ட்ராக்ட் அப்படித்தான். வேலை மட்டும் அவர்களுடையது. சாமான் வாங்குவதும் கூட நிற்பதும் நம் பாடு. ஃபுல் காண்ட்ராக்ட் என்றால் கையெழுத்துப் போட்டுவிட்டு, பால் காய்ச்சும் அன்று போனால் போதும்.

நான் கேட்டது ஃபுல் காண்ட்ராக்ட்.

என் மனைவி லிபிக்கு அப்போது மூன்றாவது கீமோ நடந்துகொண்டிருந்தது. உன்னைப் பார்ப்பேனா, செங்கலைப் பார்ப்பேனா என்றேன். அவள் விட்டுக்கொடுக்கவில்லை. தன் ஊர்க்காரர் என்று சிவதாணுவைப் பிடித்ததும் அவள்தான்.

அஸ்திவாரம் முடிந்த வாரம் போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து நாலாம் நாள் காலை ஃபோன் அடித்தது. ஜல்லி லாரி வந்து நிற்கிறது என்றார் அண்ணாச்சி. கோபம் வந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு போனேன்.

ஐந்து மாதம் ஆகிறது.

இன்று முத்திரைத்தாளோடு போனேன். மிச்ச வேலை முழுவதையும் அவரே ஃபுல் காண்ட்ராக்டில் எடுக்கட்டும். எனக்குக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துக் கிடந்தால் போதும்.

எந்தக் காண்ட்ராக்டரும் வேண்டாம் என்று சொல்லாத தாள்.

அண்ணாச்சி கண்ணாடி போட்டு முழுக்கப் படித்தார். திருப்பித் தந்தார்.

"நடக்காது தம்பி. வீடு முடியுற வரைக்கும் உங்களக் காலம்பற எழுப்பி இங்க வரவைக்கணும்னு லிபிப் பிள்ளைட்ட வாக்குக் குடுத்தாச்சு. கேக்க ஒண்ணுமில்லாத அன்னைக்குக் கெணத்த எட்டிப் பாக்கச் சொன்னேம்லா, பின்னே எதுக்குன்னு நெனச்சிய?"

தாளை நாலாக மடித்தேன்.

சாரத்திலிருந்து ஒருவர் ஜன்னல் உயரம் சரியா என்று கேட்டார். ஏறிப் போய்ப் பார்த்தேன். சரி என்றேன்.

அழுகை வரவில்லை. நன்றி சொல்லத்தான் ஆள் இல்லை.

கடைசியாக என்ன சொன்னாள் என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்டார்கள். என் பெயரைச் சொன்னாள் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கிக்கொண்டு அவள் சொன்னது இதுதான்.

"ஜன்னலுக்கு மரம் ஃபோட்டோல பாத்து எடுத்துராதீங்க. விதுரா மர மில்லுக்கு நேர்ல போங்க, கேட்டீங்களா."