நான்காவது பக்கிள்

சால்மன் ஆற்றில் ஆறு நாள் படகுப் பயணம், வழிகாட்டி நான். சென்ற கோடையில் இதே பயணத்தில் எட்டு வயது டெஸ் மூழ்கினாள். அவளது லைஃப் ஜாக்கெட்டின் நான்காவது பக்கிளை நான் சோதிக்கவில்லை. ஆனால் ஆற்றின் சீற்றமே காரணம் என்ற அறிக்கையில் கையெழுத்திட்டேன். ஆற்றுக்கு வாயில்லை. எனக்கு வாயும் இருந்தது, வேலையும் இருந்தது.

இந்தக் கோடையில் அவள் தாய் மார்லீஸ் குடும்பத்தோடு மீண்டும் வந்தாள்.

மாலைதோறும் ஜாக்கெட்டுகளைக் கயிற்றில் உலர்த்தினேன். யாரும் அணியாத சிறுவர் ஜாக்கெட் ஒன்றும் அவற்றோடு தொங்கியது. அதன் நான்கு பக்கிள்களையும் நானே மாட்டினேன். விடியும்போது அது மட்டும் நனைந்திருந்தது. நான்காவது பக்கிள் கழன்றிருந்தது.

"நம்ம கூட்டத்துல தினமும் குளிக்கிறது இது ஒண்ணுதான்" என்றான் மார்லீஸின் மைத்துனன் ரஸ்.

அவள் சிரிக்கவில்லை. கடைசி நாள் காலையில் என்னிடம் வந்தாள்.

"கோர்டன், அன்னைக்கு டெஸ்ஸோட பக்கிள் நாலையும் இழுத்துப் பாத்தீங்கதானே?"

"பாத்தேன், மார்லீஸ்."

"அப்ப சரி. அது போதும் எனக்கு."

எல்லாருடைய பக்கிள்களையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்த பிறகே படகைத் தள்ளினேன். நீரோட்டம் எங்களைப் பிடித்துக்கொண்ட பின் திரும்பினேன். குழந்தைகள் உட்பட அத்தனை பேர் மார்பிலும் நான்காவது பக்கிள் கழன்றிருந்தது.