பேர் சொன்னால் வந்துவிடலாம்

ஊர் முழுக்கச் சூதாட்ட விடுதியும் ஷோவுமாக இருந்த நகரத்துக்குச் சுற்றுலா போன தண்டபாணி, அங்கே ஒரு மேஜிக்காரனின் பெட்டிக்குள் மனைவி வடிவாம்பாளை அனுப்பிவைத்தார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அவள் ஏறினாள். மேஜிக்காரன் துணியை விலக்கியபோது பெட்டி காலி. திரும்பி வருவது சுலபம், உள்ளே போனவர் கணவர் பெயரைச் சத்தமாகச் சொன்னால் போதும் என்று டூர் கைடு மொழிபெயர்த்தான். இதுவரை போன பெண்கள் எல்லாரும் கண்மூடித் திறப்பதற்குள் வந்துவிட்டார்களாம்.

காலிப் பெட்டியிலிருந்து வடிவாம்பாளின் குரல் கேட்டது. "பழனி மலை மேல கோவணத்தோட நிக்கிறாரே, அவரு பேருதாங்க."

குறிப்பெல்லாம் செல்லாது என்று மேஜிக்காரன் கையை விரித்தான். கூட்டம் கலைந்தது. விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தார்கள். வெளியே டூர் பஸ் ஹாரன் அடித்தது. தண்டபாணி அவள் செருப்பைப் பெட்டி முன்னால் ஜோடியாக எடுத்துவைத்துவிட்டுக் குனிந்தார்.

"சொல்லித் தொலையேன்டி."

"சொன்னா உங்க ஆயுசு கொறைஞ்சிடுங்க."

"கொறைஞ்சா கொறைஞ்சுட்டுப் போவுது."



"நீங்க மொதல்ல போய்ச் சாப்பிடுங்க," என்றது பெட்டி. "சுகர் மாத்திரை உங்க சட்டைப் பையிலதான் இருக்கு."