ஆய்வுக்கு முந்திய வெள்ளையடிப்பு

பொறியாளர் சுவரை இரண்டு முறை தட்டிப் பார்த்துவிட்டு, கட்டிடம் நன்றாகத்தானே இருக்கிறது என்றார்.

என் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது.

பக்கத்தில் நின்ற தலைமையாசிரியைக்கு முகம் சுண்டிப்போயிற்று. அவள் என் மருமகள். ஆனால் என்னைப் பள்ளிக் குழுத் தலைவர் என்று மட்டும்தான் அவருக்கு அறிமுகம் செய்திருந்தாள்.

இந்தப் பள்ளி எங்கள் குடும்பம் கட்டியது. ஊரில் எல்லாருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்கு நான் சொல்லியிருக்கிறேன்.

பழைய பள்ளிகளைப் புதுப்பிக்க அரசாங்கம் நிதி ஒதுக்கியிருந்தது. கட்டிடம் ஆபத்தானது என்று பொறியாளர் எழுதிக்கொடுத்தால் புதிதாக எட்டு வகுப்பறைகள். இல்லையென்றால் ஒன்றுமில்லை. மூன்றாம் வகுப்பு இரண்டு வருடமாக மாடிப்படிக்குக் கீழே நடக்கிறது. மருமகள் நடையாய் நடந்து, பதினொரு மனு எழுதி, இந்த மனிதரை வரவழைத்திருந்தாள்.

அதற்காக, வெளியாள் ஒருவர் வந்து எங்கள் சுவரின் விரிசலுக்கு அளவெடுப்பதா?

சனி, ஞாயிறு இரண்டு நாளும் நான்கு ஆட்களை வைத்து, ஒரு விரிசல் விடாமல் அடைத்து, இரண்டு கை வெள்ளையும் அடித்துவிட்டேன். வீட்டில் சொல்லவில்லை. நல்ல காரியத்தைச் சொல்லிக்கொண்டா செய்வார்கள்?

பொறியாளர் பேனாவைத் திறந்தார்.

மருமகள் என் காதருகே வந்தாள். குரலில் மரியாதைக்குக் குறைவில்லை.

"மாமா, விரிசல் எங்கெங்க இருக்குன்னு நீங்களே காட்டிடுங்க. இல்லன்னா நாளைலேருந்து மூணாம் வகுப்பு நம்ம வீட்டுக் கூடத்துலதான்."

நாற்பத்திரண்டு பிள்ளைகள். என் சாய்வு நாற்காலி இருப்பதும் அதே கூடத்தில்தான்.

தொண்டையைச் செருமிக்கொண்டு, ஜன்னலுக்குக் கீழே கைத்தடியால் ஒரு தட்டு தட்டினேன். வெள்ளை உதிர்ந்தது. இன்னொரு தட்டு. பூச்சு உதிர்ந்தது. மூன்றாவது தட்டுக்குத் தடியை ஓங்கியதுதான் தெரியும், அதற்குள் சுவர் தானாகவே கொட்ட ஆரம்பித்தது.

பொறியாளர் ஒரு கை அள்ளி, விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தார். சிமெண்ட் வாடையே இல்லை, வெறும் மணல் என்றார். பிறகு நின்ற இடத்திலேயே 'ஆபத்தானது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

புறப்படும் முன் அவர் ஒன்று கேட்டார். இதைக் கட்டிய ஒப்பந்தக்காரர் யார், இப்போது இருக்கிறாரா?

காலமாகிவிட்டார் என்றேன்.

பொறியாளர் என் மருமகள் பக்கம் திரும்பினார். அவள் என்னை ஒரு முறை பார்த்தாள்.

"ஆமா சார். பெரிய மனுஷர். போற வரைக்கும் தன் மேல தப்புன்னு ஒத்துக்கவே இல்ல."

பொறியாளர் தன் வருத்தத்தைத் தெரிவித்தார்.

நாற்பது வருடங்களுக்கு முன் இந்தப் பள்ளியை ஒப்பந்தம் எடுத்துக் கட்டிய நான், கைகூப்பி அதைப் பெற்றுக்கொண்டேன்.