வால்வின் வாயில் மணல்

ஒரு சாயப்பட்டறையில், தெருவிலிருந்து வந்து மேலே இருந்த சாயத்தொட்டிக்குப் போகும் தண்ணீர்ப் பைப்பில் ஒரு வால்வு இருந்தது. தொட்டித் தண்ணீர் திரும்பி வந்து குடிதண்ணீரில் கலக்காமல் தடுப்பது அதன் வேலை.

“குழாயண்ணே, என் வாயில் மணல் சிக்கியிருக்கிறது, மூட முடியவில்லை. என்னைக் கழற்றிக் கழுவ முதலாளியிடம் சொல்லுங்கள். இல்லாவிட்டால் சாயம் உங்களிடம்தான் வரும்,” என்றது வால்வு, அதே பைப்பில் கீழே இருந்த குடிதண்ணீர்க் குழாயிடம்.

“பத்து வருஷமாக உன்னை எவன் திரும்பிப் பார்த்தான்? பேசாமல் கிட,” என்றது குழாய்.

மறுநாள் தெருவிலிருந்து தண்ணீர் வரத்து நின்றதும் தொட்டிச் சாயம் திரும்பி இறங்கி, குழாய் நீலமாகக் கக்கியது. முதலாளி அதன் வாயில் வெள்ளைத்துணி கட்டினார்.

“பார்த்தாயா? எனக்குப் புதுத்துணி!” என்றது குழாய்.

துணியும் நீலமானது. முதலாளி குழாயைக் கழற்றிக் குப்பையில் எறிந்துவிட்டுப் புதுக்குழாய் மாட்டினார். அதுவும் நீலமாகவே கக்கியது.

“இப்போதெல்லாம் ஒரு குழாய்கூட உருப்படியாக வருவதில்லை,” என்றார் முதலாளி.