கறுப்புக் கயிற்றில் ஒரு ராஜா

ஆக்னஸ் கழுத்தில் கறுப்புக் கயிற்றோடு தொங்கிய பொன் வட்டத்தை ஊரே அந்தோணியார் சுரூபம் என்றுதான் நினைத்திருந்தது. தூத்துக்குடி பெரிய கடைத் தெருவில் மளிகைக் கடை வைத்திருந்த சங்கரலிங்கம் அண்ணாச்சிக்கோ அது யாரென்று தெரியும்.

நீரோ. ரோமாபுரிச் சக்கரவர்த்தி; அது அவன் தலை பொறித்த பொற்காசு.

பழங்காசு என்றால் அண்ணாச்சிக்குப் பித்து. மத்தியான வியாபாரம் ஓய்ந்ததும் காசுப் பெட்டியைத் திறந்து உட்கார்ந்தால் போதும், அந்தக் காலத்தில் முத்து வாங்க வந்த கப்பலெல்லாம் கடைவாசலிலேயே பாய் இறக்கும். பெட்டிக்குள் எத்தனையோ ராஜாக்கள். நீரோ மட்டும் இல்லை. அவனை ஆக்னஸின் புருசன் சிலுவை, சங்கு குளிக்கப் போன இடத்தில் கடலடியில் கண்டெடுத்துப் பொண்டாட்டிக்குக் கட்டிவிட்டிருந்தான்.

சிலுவை கடலுக்குப் போகும் நாளெல்லாம் அவள் கரையில் நின்று அதைக் கைக்குள் பொத்திக்கொண்டு முணுமுணுப்பாள். அண்ணாச்சிக்கு வயிறு எரியும். கிறிஸ்தவர்களைக் கொன்று குவித்தவனிடமே போய் வேண்டுகிறாளே, விவரம் கெட்டவள். உண்மையைச் சொன்னால் பதறிப்போய்க் கழற்றித் தந்துவிட மாட்டாளா?

கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் அவள் மெழுகுவர்த்தி வாங்க வந்தாள். செத்துப்போன அப்பா, அம்மா, மாமனார் பேரைச் சொல்லி ஆளுக்கொன்று எடுத்தாள். பிறகு பேர் சொல்லாமல் இன்னொன்று.

இதுதான் சமயமென்று அண்ணாச்சி மெல்ல ஆரம்பித்தார். அது புனிதர் இல்லை, ஏசுவின் தலைமைச் சீடரான உங்க ராயப்பரையே சிலுவையில் அறைந்து கொன்ற ராஜா என்றார். அதைத் தந்துவிட்டால் பவுனிலேயே மாதா சுரூபம் செய்து தருவதாகவும் சொன்னார்.

ஆக்னஸ் பதறவில்லை.

“தெரியும் அண்ணாச்சி. எடுத்த அன்னைக்கே எங்க கோயில் சாமியாரு பாத்துச் சொல்லிட்டாரு.”

அண்ணாச்சி கல்லாவை விட்டு எழுந்தார்.

“தெரிஞ்சுமா ஏளா அவங்கிட்ட வேண்டுத?”

“அவங்கிட்ட நான் என்னைக்கு வேண்டுனேன்?”

பேர் சொல்லாத மெழுகுவர்த்தியையும் மற்றதோடு சேர்த்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

“அவனுக்காகத்தாம்லா வேண்டுதேன். உலகத்தையே ஆண்டவன், எங்க ஆளு முங்குத கடல்ல இம்புட்டுக் காலமும் கேக்க நாதியில்லாம கெடந்திருக்கான். அவன் ஆத்துமாவுக்கு ஒரு திரி கொளுத்த ஆளு வேண்டாமா, அண்ணாச்சி?”