பெட்டிக்குள் அடியில் இருந்த பாரை

தெஹிவளையில் எங்கள் மாடிக் குடியிருப்பின் வாசலில், மீன்காரன் சிறிபால மோட்டார் சைக்கிள் பெட்டியைத் திறக்கிறான். பனிக்கட்டியில் பட்ட காலை வெயில் கண்ணைக் கூசவைக்கிறது. போன வாரம் பிலிப்பைன்ஸிலிருந்து வந்து கீழ்வீட்டில் குடியேறிய மரிசெல், ரப்பர் செருப்போடு அவன் முன்னால் நிற்கிறாள். புதிதாக வருகிறவர்களின் தலையில் பழைய மீனைக் கட்டுவது அவன் வழக்கம். அந்த வேடிக்கையைத் தவறவிடக் கூடாதென்று நாங்கள் மாடிதோறும் காய்ந்த துணியையே மறுபடி உலர்த்துகிறோம். "இன்னிக்கு இவ தொலைஞ்சா," என்கிறாள் பக்கத்து வீட்டுக் குசும், சந்தோஷமாக. சிறிபால மேலே கிடக்கும் பாரை மீனைத் தூக்குகிறான். "காலையில பிடிச்சது நோனா, இன்னும் துடிக்குது!" மரிசெல் செவுளை விரலால் விரித்து, முகர்ந்து பார்த்து, வந்த பிறகு கற்றுக்கொண்ட நாலைந்து சிங்களச் சொற்களில் ஒன்றைச் சொல்கிறாள்: "ஈயே." நேற்று என்று அர்த்தம். சொல்லிவிட்டு, முழங்கைவரை பனிக்கட்டிக்குள் கையை விட்டு, ஹோட்டலுக்கென்று அவன் அடியில் ஒளித்திருந்த இன்னொரு பாரையை வாலைப் பிடித்து இழுக்கிறாள். அதன் செவுள் ரத்தச் சிவப்பு. சிறிபால அதை வெட்டக் கத்தியை எடுக்கிறான். "ஏய் மகளே, எனக்கும் ஒண்ணு பாத்து எடு!" என்று குசும் பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டுக் கத்துகிறாள். நான் கத்தவில்லை. சட்டியோடு பாதிப் படி இறங்கியாயிற்று.